எல்லாரும் ஏறியாச்சா?

வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவுக்குக் கம்பம், சின்னமனூர்ப் பக்கமிருந்து குடும்பம் குடும்பமாக வேன் பிடித்து வருவார்கள். முல்லையாற்றில் குளித்து, தீச்சட்டி பார்த்து, ராட்டினமும் சுற்றியாச்சு. கிளம்பினால் அப்பத்தாவைக் காணோம்! "முன்னாடி வண்டியில இருக்கும்" என்பார்கள் இவர்கள். "பின்னாடி வருது" என்பார்கள் அவர்கள். அப்பத்தாவோ வளையல் கடையில் பேரம் பேசிக்கொண்டிருக்கும்.

சிரிக்காதீர்கள்! பிரிட்டன் பிரதமராக இருந்த டேவிட் கேமரூனே, சாப்பிடப் போன பப்பில் 8 வயது மகளை விட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தவர்தான். அவர் ஒரு காரில், மனைவி இன்னொரு காரில். 2012-இல் செய்தி வெளியாகி உலகமே சிரித்தது.

வண்டி நகரும் முன் ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுங்கள். தனியாகத் தவிக்கும் குழந்தையைக் கண்டால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள்.