பெயர் ஒன்று, உள்ளிருப்பது வேறு: மின்னஞ்சல் இணைப்பைத் திறக்கும் முன்...

வேலைக்கு விண்ணப்பித்தவர் அனுப்பிய சான்றிதழ், நிறுவனத்தின் கணினியில் திறக்க மறுக்கிறது. இன்னோர் அலுவலகத்தில் விலைப்பட்டியல் என்று வந்த கோப்பு கணினியையே முடக்கிவிடுகிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்: இணைப்பின் மேலுள்ள பெயர்ச்சீட்டும் உள்ளே இருக்கும் சரக்கும் பொருந்தவில்லை.

மின்னஞ்சலில் செல்லும் இணைப்புகளுக்குக் கோப்புப் பெயரோடு, அது எந்த வகை என்று சொல்லும் குறிப்பும் உண்டு. 1992இல் வெளிவந்த 'மைம்' விதிமுறை வகுத்த ஏற்பாடு இது. குறிப்பை எழுதுவது அனுப்புபவரின் மென்பொருள். வகை தெரியாவிட்டால் 'ஏதோ ஒரு தரவு' என்ற பொருளில் பொதுவாக எழுதிவிடும். அதனால் நல்ல பிடிஎஃப் கோப்பும் திறக்காமல் போகலாம்.

எழுத்து வடிவில் மட்டுமே இயங்கும் 'மட்' என்ற மின்னஞ்சல் மென்பொருளில் இந்தக் குறிப்பை நேரில் காணலாம். கடிதத்தில் 'வி' விசையை அழுத்தினால் இணைப்புகளின் பெயரும் வகையும் வரிசையாகத் தெரியும். வகை தவறென்றால் 'கண்ட்ரோல்', 'இ' விசைகளைச் சேர்த்து அழுத்தித் திருத்தலாம். சந்தேகமாக இருந்தால் 'எஸ்' விசையால் சேமித்து, லினக்ஸ் கணினியின் 'ஃபைல்' கட்டளையால் சோதிக்கலாம்.

அக்கட்டளை பெயரை நம்பாமல் கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்க்கிறது. ஜிப் கோப்பின் தொடக்கத்தில், அதை வடிவமைத்த ஃபில் காட்ஸின் முதலெழுத்துகளான 'பிகே' இருக்கும். புதிய வேர்டு ஆவணமும் உள்ளுக்குள் ஜிப் என்பதால் அதிலும் இவ்வெழுத்துகள் இருக்கும். விண்டோஸ் நிரல்கள் 'எம்இசட்' என்று தொடங்கும். பிடிஎஃப் என்று வந்த கோப்பு அப்படித் தொடங்கினால், திறக்காமல் அழித்துவிட வேண்டும்.

2000ஆம் ஆண்டு மே மாதம் உலகைக் கலக்கிய 'ஐ லவ் யூ' நச்சுநிரலும் இப்படித்தான் ஏமாற்றியது. 'டிஎக்ஸ்டி' என்ற முடிவுக்குப் பின் 'விபிஎஸ்' என்ற உண்மையான முடிவு இருந்தது. விண்டோஸ் அதை மறைத்ததால், பலர் காதல் கடிதம் என்றே நம்பித் திறந்தனர்.

கைப்பேசியில் திருமண அழைப்பிதழ் என்று வரும் 'ஏபிகே' கோப்பும் இதே தந்திரம்தான். அழைப்பிதழ் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வரும், செயலியாக வராது. விண்டோஸ் பயன்படுத்துவோர் கோப்புப் பெயரின் முடிவு முழுமையாகத் தெரியும்படி அமைத்துக்கொள்வது நல்லது. மோசடியில் பணம் பறிபோனால், மலேசியாவில் இருப்போர் உடனே வங்கியையும் 997 எண்ணையும் அழைக்க வேண்டும்.