கைகளை உயர்த்தச் சொன்னார்கள்!

"கைகளைத் தூக்கு!"

இந்தக் கட்டளை யாருக்கு இடப்படும், தோழர்களே? போர்க்களத்திலே தோற்றவனுக்கு இடப்படும். வழிப்பறிக்காரனிடம் சிக்கியவனுக்கு இடப்படும். போலீசார் வளைத்துக்கொண்ட குற்றவாளிக்கு இடப்படும். ஆனால், காசு கொடுத்து டிக்கட் வாங்கி, கையிலே பாஸ்போர்ட்டும் நெஞ்சிலே ஊர் நினைவுமாக நிற்கின்றானே ஒரு பயணி, குற்றம் ஏதும் செய்யாதவன், செய்தான் என்று எவராலும் சொல்லப்படாதவன், அவனுக்கும் அதே கட்டளைதான்! இடுப்பு வாரைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கூண்டுக்குள்ளே போய், இரு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி நிற்கிறான். எந்த நாட்டிலே? சுதந்திரத்துக்கே சிலை எடுத்து, துறைமுகத்தின் வாசலிலே நிறுத்தி வைத்திருக்கும் அமெரிக்காவிலே!

"அப்படியானால் பாதுகாப்பு வேண்டாம் என்கிறாயா?" என்று கேட்பார்கள். வேண்டும்! வேண்டாம் என்று கூற நாம் பித்தர்களல்லர். 1984 ஆகஸ்ட் 2ஆம் நாள் நம் மீனம்பாக்கம் விமான நிலையத்திலே குண்டு வெடித்து, முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியாயின. மறு ஆண்டு, 1985 ஜூன் 23ஆம் நாள், ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் நடுவானிலே வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டனர். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் விமானங்களே வெடிகுண்டுகளாக்கப்பட்ட கொடுமையை உலகமே கண்டது. அமெரிக்காவில் 1973 ஜனவரி 5ஆம் நாள் முதற்கொண்டு பயணிகள் அனைவரும் சோதிக்கப்படுகிறார்கள்; அதற்கு முந்திய ஆண்டுகளிலே விமானக் கடத்தல் வாடிக்கையாகி விட்டதுதான் காரணம். பெட்டியைச் சோதித்தார்கள், மக்கள் ஏற்றார்கள். உலோகம் இருந்தால் ஒலி எழுப்பும் வாயில் வழியே நடக்கச் சொன்னார்கள், நடந்தார்கள்.

ஆகவே, சோதனை வேண்டுமா வேண்டாமா என்பதல்ல பிரச்னை. எதுவரை? யார் முடிவு செய்வது? தவறு நேர்ந்தால் யாரிடம் முறையிடுவது? இந்த மூன்று கேள்விகள்தான் பிரச்னை. இவற்றை அமெரிக்க மக்கள் கேட்ட கதையை, நம் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

2009 டிசம்பர் 25. ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் நகரை நோக்கி வந்த விமானத்திலே, நைஜீரிய வாலிபன் ஒருவன், உள்ளாடையிலே வெடிமருந்தைத் தைத்து வைத்துக்கொண்டு வந்தான். பற்ற வைத்தான். தீ எழுந்தது, குண்டு வெடிக்கவில்லை. பயணிகளும் விமானப் பணியாளர்களும் பாய்ந்து அவனை மடக்கினர். ஏறத்தாழ முந்நூறு உயிர்கள் தப்பின.

அவன் எப்படி விமானம் ஏறினான்? அதைக் கேளுங்கள்! அவனைப் பெற்ற தந்தையே, அதற்கு முந்திய மாதம், நைஜீரியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்குப் போய், "என் மகன் போக்கு சரியில்லை" என்று எச்சரித்துவிட்டு வந்தார். பெயர் கோப்பிலே ஏறிற்று. ஆனால் விசா ரத்தாகவில்லை. விமானம் ஏறக்கூடாதவர் பட்டியலில் அவன் பெயர் சேரவில்லை. தூங்கியது கோப்பு! தண்டனை யாருக்கு? ஊரிலுள்ள அத்தனை பேரின் உடைக்கும்!

ஆம், தோழர்களே! கோப்பு தூங்கிய குற்றத்துக்குப் பரிகாரமாக, உடையை ஊடுருவி உடலைக் காட்டும் இயந்திரங்களை, விமான நிலையந்தோறும் கொண்டுவந்து நிறுத்தினர். முன்பே சில நிலையங்களில் இருந்தவைதாம், இப்போது நூற்றுக்கணக்கிலே பெருகின. அவற்றுள் ஒரு வகை, எக்ஸ்ரே கதிரை உடல்மீது வீசித் திரும்பும் கதிரைக் கொண்டு படம் எடுப்பது. ஆடை அணிந்து நிற்பவரின் உருவம், ஆடை இல்லாதது போலத் திரையிலே தெரியும். தனி அறையிலே ஓர் அதிகாரி அமர்ந்து அதைப் பார்ப்பார்.

"நான் மாட்டேன்" என்று சொல்ல உரிமை உண்டா? உண்டு! சொன்னால், கையால் தடவிச் சோதிப்பார்கள். 2010 அக்டோபர் இறுதியிலே அந்தச் சோதனையை முன்னிலும் கடுமையாக்கினர். தொடக்கூடாத இடமும் தொடப்பட்டது. படமா, கையா? சுதந்திர நாடு தன் குடிமகனுக்குத் தந்த சுதந்திரம் இதுதான்!

ஆலை வாசலிலே, வேலை முடிந்து வெளியேறும் தொழிலாளியின் மடியைத் தடவிப் பார்க்கும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த வேதனை விளங்கும். அங்கே பறிபோவது பொருளல்ல. 'உன்னை நான் நம்பவில்லை' என்பது உடம்பின்மீதே எழுதப்படுகிறது. அமெரிக்காவிலே, புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள், உடலோடு ஒட்டிய சிறுநீர்ப் பையுடன் நடமாடுபவர்கள், செயற்கை உறுப்பு அணிந்தவர்கள், தங்கள் நோயை நால்வர் அறிய விளக்கிச் சொல்லிவிட்டு விமானம் ஏற வேண்டிய நிலை வந்தது. தடவியவர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவரும் சம்பளத்துக்கு வேலை செய்பவர்தாம், மேலிடத்து உத்தரவு அவர் கையிலே வந்து நின்றது. கேள்வி மேலிடத்தைப் பார்த்து!

மேலிடம் என்ன சொன்னது? "இயந்திரம் படத்தைச் சேமிக்காது, அச்சிடாது, அனுப்பாது" என்று சொன்னது. 'எபிக்' எனப்படும் தனிமனித மறைவுரிமைக் காப்பு அமைப்பு, தகவல் உரிமைச் சட்டத்தின்படி ஆவணங்களைக் கேட்டுப் பெற்றது. இயந்திரம் வாங்குவதற்காக அரசே வகுத்த நிபந்தனையிலே, சோதனை ஓட்டத்தின்போது படத்தைச் சேமிக்கவும் அனுப்பவும் அதற்கு ஆற்றல் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது! "விமான நிலையத்தில் வைக்கும்போது அந்த ஆற்றலை நிறுத்திவிடுகிறோம்" என்று பதில் வந்தது. அதே 2010ஆம் ஆண்டிலே மற்றொரு செய்தியும் வெளியாயிற்று. புளோரிடா மாநிலத்து ஆர்லாண்டோ நகர நீதிமன்ற வாசலிலே வேறோர் இலாகா வைத்திருந்த உடல் காட்டும் இயந்திரம், சுமார் 35,000 படங்களைச் சேமித்து வைத்திருந்தது. சேமிக்க முடியாது என்பதல்ல, சேமிக்க மாட்டோம் என்பதுதான் வாக்குறுதி என்று மக்களுக்குப் புரிந்தது.

இயந்திரத்துக்காக வாதாடியவர்களில் ஒருவர் மைக்கேல் செர்ட்டாஃப். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் முன்னாள் அமைச்சர். அவருடைய ஆலோசனைக் கம்பெனிக்கு வாடிக்கையாளராக இருந்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? அந்த எக்ஸ்ரே இயந்திரத்தைச் செய்து விற்கும் ராபிஸ்கேன் கம்பெனி! கேட்டபோது அவரே ஒப்புக்கொண்டார். அச்சம் ஒரு பக்கம் விதைக்கப்பட்டது, அறுவடை வேறொரு பக்கம் நடந்தது.

சரி, அந்த உள்ளாடைக் குண்டையாவது இயந்திரம் கண்டுபிடித்திருக்குமா? அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வுத் துறை 2010 மார்ச்சிலே சொன்னது: கண்டுபிடித்திருக்கும் என்று தெளிவாகச் சொல்வதற்கில்லை! பின்னர் 2014இல், பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அந்த எக்ஸ்ரே இயந்திரம் ஒன்றைப் பழைய பொருளாக விலைக்கு வாங்கிச் சோதித்தனர். துப்பாக்கியையும் வெடிமருந்து போன்ற பொருளையும் அதன் கண்ணுக்குத் தப்ப மறைக்க முடியும் என்று காட்டினர். நல்லவரின் நாணத்தைக் கண்டது, பொல்லாதவரின் துப்பாக்கியைக் காணவில்லை!

இனி, எதிர்ப்பு எப்படி நடந்தது என்பதைப் பாருங்கள். நமக்குப் பாடம் அங்கேதான் இருக்கிறது.

முதலில் எழுந்தவர்கள் விமானிகள். அவர்களுக்குச் சங்கம் உண்டு. "நாள்தோறும் கதிர் வீச்சிலே நிற்க மாட்டோம். விமானத்தையே ஓட்டுகிறவன் கையில் விமானமே இருக்கும்போது, அவன் உள்ளாடையிலே என்ன தேடுகிறீர்கள்?" என்று சங்கம் கேட்டது. பதிலே இல்லாத கேள்வி! 2010 நவம்பரிலேயே அரசு இறங்கி வந்தது. விமானிகளுக்கு விலக்கு கிடைத்தது. அடுத்த சில நாட்களில் விமானப் பணிப்பெண்களுக்கும் கிடைத்தது. சங்கம் பேசியது, சில வாரங்களில் சாதித்தது.

அடுத்தது, அதே ஆண்டு டிசம்பர் 4. அமெரிக்காவிலே இந்தியத் தூதராக இருந்த மீரா சங்கர், மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன் நகர விமான நிலையத்திலே, வரிசையிலிருந்து தனியே அழைக்கப்பட்டு, கையால் தடவிச் சோதிக்கப்பட்டார். தூதர் என்பதற்குரிய சான்றைக் காட்டியும் பயனில்லை. காரணம்? உடுத்தியிருந்த சேலை! தளர்ந்த ஆடையானால் தடவிப் பார்க்கலாம் என்பது விதி. அந்த விமான நிலையத்தின் பெயரைக் கவனியுங்கள்: ஜாக்சன்-எவர்ஸ். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடி, 1963இல் சுட்டுக் கொல்லப்பட்ட மெட்கர் எவர்ஸின் பெயர். மனித மாண்புக்காக மாண்டவன் பெயரை வாசலிலே எழுதிவிட்டு, உள்ளே உடையைப் பார்த்து மனிதரை ஒதுக்கினர்! இந்தியா கண்டித்தது, அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன் கவலை தெரிவித்தார்.

2011 செப்டம்பரிலே, இராமேசுவரத்திலே பிறந்து குடியரசுத் தலைவராக உயர்ந்த அப்துல் கலாம், நியூயார்க் விமான நிலையத்திலே விமானத்தில் ஏறி அமர்ந்த பிறகு, அவருடைய மேலங்கியும் காலணியும் சோதனைக்கென எடுத்துச் செல்லப்பட்டன. அமெரிக்கா மன்னிப்புக் கேட்டது. தூதருக்குக் கவலை, தலைவருக்கு மன்னிப்பு! அதே வரிசையிலே பின்னால் நின்றாளே பெயர் தெரியாத ஒரு தாய், அவளுக்கு? அவள் சேலைக்கு எந்த அமைச்சர் வருந்தினார்?

மூன்றாவதாக, சாதாரணப் பயணிகள். அவர்கள் சார்பிலே எபிக் அமைப்பு நீதிமன்றம் சென்றது. 2011 ஜூலையிலே தீர்ப்பு வந்தது. இயந்திரமே கூடாது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அரசியல் சட்டத்தின் நான்காவது திருத்தத்தை அது மீறவில்லை என்றே கூறினர். ஆனால், "இத்தனை கோடி மக்களைப் பாதிக்கும் விதியை, மக்களின் கருத்தைக் கேட்காமல் எப்படிக் கொண்டுவந்தாய்?" என்று அரசைக் கேட்டனர். கேள், பிறகு விதி செய் என்றனர். கேட்டு முடித்து இறுதி விதி வெளிவந்தது எப்போது? 2016 மார்ச்சிலே! விமானிகளுக்குச் சில வாரங்கள், மக்களுக்கு நாலரை ஆண்டு!

இதற்கிடையே மக்களின் கூக்குரல் நாடாளுமன்றத்தை எட்டியது. 2012இல் சட்டம் வந்தது: உடலின் படம் காட்டாதே, எல்லோருக்கும் பொதுவான ஒரு கோட்டுருவத்தைக் காட்டு, ஐயத்துக்குரிய பொருள் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் அடையாளம் இடு! மற்றொரு வகை இயந்திரங்கள், மில்லிமீட்டர் அலையால் இயங்குபவை, அப்படியே மாற்றப்பட்டன. எக்ஸ்ரே இயந்திரம் மாற்றப்பட முடியவில்லை. 2013 மே மாதத்துக்குள் அது விமான நிலையங்களிலிருந்து வெளியேறியது.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள், தோழர்களே! "மானமா, உயிரா? இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு" என்று மிரட்டினார்களே, அந்தத் தராசே பொய்த் தராசு! நிர்வாணப் படம் போயிற்று, சோதனை தொடர்ந்தது. அந்தப் படம் இல்லாமலே வேலை நடக்கும் என்றால், முதலிலேயே அது எதற்கு? மக்கள் கேட்கும்வரை எவரும் மாற்று வழி தேடவில்லை, அவ்வளவுதான்! மாற்றிய பிறகும் இயந்திரம் மாயக் கண்ணாகிவிடவில்லை. 2015இல் அரசின் ஆட்களே மாறுவேடத்தில் ஆயுதமும் போலி வெடிகுண்டும் எடுத்துச் சென்று சோதித்தபோது, 70 முறையில் 67 முறை பிடிபடாமல் போனார்கள். பாதுகாப்பின் ஓட்டை பயணியின் மானத்திலே இல்லை!

கடைசியாக ஒன்று. விமான நிலையங்களிலிருந்து அகற்றப்பட்ட அந்த எக்ஸ்ரே இயந்திரங்கள் சுமார் 250. அவை எங்கே போயின? உடைத்தார்களா? இல்லை! 2014க்குள் அவற்றில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்டவை மாநில, உள்ளூர் அரசுகளுக்குத் தரப்பட்டன, சிறைகளிலே வைக்க! பயணிக்கு ஆகாது என்று தள்ளப்பட்டது, கைதிக்கு ஆகும் என்று வைக்கப்பட்டது. விமானிக்குச் சங்கம் இருந்தது, தூதருக்கு நாடு இருந்தது, பயணிக்கு நீதிமன்றம் இருந்தது. கைதிக்கு யார் இருக்கிறார்? குரல் உள்ளவனின் உடலைவிட்டு நகர்ந்த கண், குரல் இல்லாதவனின் உடல்மீது போய் நின்றது. மானத்தை அளந்தது பாதுகாப்பு அல்ல, குரலின் பலம்!

நமக்கு ஏன் இந்தக் கதை? சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போகும் நம் கொத்தனாரும் தச்சரும் ஓட்டுநரும் அந்த வரிசையிலேதான் நிற்கிறார்கள். இந்தியாவிலும் 84 விமான நிலையங்களில் உடல் சோதனை இயந்திரம் வைக்க 2019இல் உத்தரவு பிறந்தது. 2022 டிசம்பர் முதல் 'டிஜியாத்ரா' என்ற பெயரிலே முகத்தையே அடையாளச் சீட்டாக்கும் ஏற்பாடும் வந்திருக்கிறது. விரும்பினால் சேரலாம் என்கிறார்கள். நல்லது! படம் எதுவரை? எத்தனை நாள்? யார் கையில்? விரும்பாதவனுக்கு வழி அடைபடாதா? தவறு நேர்ந்தால் யார் பதில் சொல்வார்? இவற்றை இயந்திரம் வருமுன் கேட்க வேண்டும், வந்த பின்னல்ல.

சோதனைக்கு நிற்போம். அது சக பயணியின் உயிருக்கு நாம் செலுத்தும் மரியாதை. ஆனால், சட்டசபையிலே விவாதித்து, விதியாக எழுதி, எல்லோருக்கும் ஒன்றாக வைத்து, முறையிட ஒரு வாசலும் திறந்து வைத்துவிட்டுச் சோதிக்கட்டும். விமானியின் உடலுக்கு ஒரு நீதி, கைதியின் உடலுக்கு ஒரு நீதி என்ற நிலை இருக்கும்வரை, சங்கம் உள்ளவன் சங்கம் இல்லாதவனுக்காகவும் பேச வேண்டும்.

கைகளை உயர்த்தச் சொல்கிறார்களா? உயர்த்துவோம், கேள்வி கேட்பதற்காகவும்!