துணைமில்லிமீட்டர் வானியல் தொலைநோக்கிகள்

துணைமில்லிமீட்டர் வானியல் தொலைநோக்கிகள் என்பவை, விண்ணிலிருந்து வரும் ஏறத்தாழ 0.3 முதல் 1 மில்லிமீட்டர் வரை அலைநீளமுள்ள மின்காந்த அலைகளைப் பதிவு செய்யும் கருவிகள் ஆகும். இவ்வலைகள் அகச்சிவப்புக் கதிர்களுக்கும் வானொலி அலைகளுக்கும் இடைப்பட்டவை.

பயன்

விண்மீன்கள் பிறக்கும் வளிம, தூசு மேகங்கள் சுழியத்துக்குக் கீழே சுமார் 260 பாகை செல்சியசு வெப்பநிலையில் உள்ளன. கண்ணால் காணும் ஒளியை அவை வெளியிடுவதில்லை; பின்னாலுள்ள விண்மீன்களையும் மறைத்துவிடுகின்றன. ஆனால் அத்தூசும், கார்பன் மோனாக்சைடு போன்ற மூலக்கூறுகளும் துணைமில்லிமீட்டர் அலைகளை வெளியிடுகின்றன. விண்மீன் பிறப்பை அறிய இவ்வலைகளே முதன்மையான வழி.

தடைகள்

காற்றிலுள்ள நீராவி இவ்வலைகளை உறிஞ்சிவிடும். திண்டுக்கல் சமவெளியில் விண்மீன்கள் பளிச்செனத் தெரியும் இரவிலும் இவ்வலைகள் தரையை எட்டுவதில்லை. அதே மாவட்டத்தில் சுமார் 2,340 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானல் வானாய்வகம் 1899-இல் நிறுவப்பட்டு, சூரியனை ஆராய்ந்துவருகிறது. கண்ணுறு ஒளிக்கு அவ்வுயரம் ஏற்றது. ஆனால் மேகம் தவழும் ஈரமலை துணைமில்லிமீட்டர் ஆய்வுக்குப் பொருந்தாது. உயரமும் வறட்சியும் சேர்ந்தே அமைய வேண்டும்.

அடுத்த தடை, கிண்ணத்தின் வழவழப்பு. மேற்பரப்பின் பிழை அலைநீளத்தில் சுமார் இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால்தான் அலைகள் சரியாகக் குவியும்.

வளர்ச்சி

ஹவாயின் மௌனா கியா மலையில், சுமார் 4,092 மீட்டர் உயரத்தில், 15 மீட்டர் விட்டமுள்ள ஜேம்சு கிளார்க் மேக்சுவெல் தொலைநோக்கி 1987-இல் செயல்படத் தொடங்கியது. 1990-களின் பிற்பகுதியில் அதில் பொருத்தப்பட்ட 'ஸ்கூபா' கருவி, தூசு மறைத்திருந்த தொலைதூர விண்மீன் மண்டலங்களைக் காட்டியது. 2009-இல் ஏவப்பட்ட, 3.5 மீட்டர் ஆடி கொண்ட ஹெர்செல் விண்கலம், காற்றுமண்டலத் தடையே இன்றி 2013 வரை ஆய்வு செய்தது.

2013-இல் சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில், 'அல்மா' தொடங்கிவைக்கப்பட்டது. இதன் 66 அலைவாங்கிகளை 16 கிலோமீட்டர் வரை பரப்பி, ஒரே தொலைநோக்கிபோல் இயக்கலாம். 2019-இல் வெளியான எம்87 கருந்துளைப் படத்துக்கு 1.3 மில்லிமீட்டர் அலைநீளத்தில் உற்றுநோக்கிய தொலைநோக்கிகளுள் அல்மாவும் மேக்சுவெல் தொலைநோக்கியும் அடங்கும்.

இந்தியாவில்

பெங்களூரு இராமன் ஆய்வு நிறுவனம் 10.4 மீட்டர் மில்லிமீட்டர் அலைத் தொலைநோக்கியை அமைத்தது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1 மீட்டர் தொலைநோக்கியை ஐதராபாத்திலிருந்து பலூனில் ஏற்றி, நீராவிக்கு மேலே சென்று தொலை அகச்சிவப்புக் கதிர்களை அளந்தது. லடாக்கின் ஹான்லேயில், 4,500 மீட்டர் உயரத்தில், கொடைக்கானலை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்கே மற்றொரு வானாய்வகம் உள்ளது. மழை மறைவுப் பகுதியான அக்குளிர்ப் பாலைவனத்தின் வறண்ட காற்று இவ்வகை ஆய்வுக்கு ஏற்றது.