இப்னு ருஷ்து: நீதிபதி, மருத்துவர், உரையாசிரியர்

இடைக்காலத் தத்துவத்தின் தலையாய சிந்தனையாளர்களுள் ஒருவரான இப்னு ருஷ்து, 1126இல் ஸ்பெயினின் கோர்தோபா நகரில், நீதிபதிகளின் குடும்பத்தில் பிறந்தார். செவில்லிலும் கோர்தோபாவிலும் நீதிபதியாக இருந்து மக்களின் வழக்குகளைத் தீர்த்துவைத்தார். அரண்மனை மருத்துவராகவும் பணியாற்றினார். மருத்துவத்தின் பொதுக் கோட்பாடுகளைத் தொகுத்து அவர் எழுதிய நூல், லத்தீன் வழியாக ஐரோப்பாவில் பரவியது.

அவருடைய பெரும்பணி, அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு எழுதிய உரைகள். சில நூல்களுக்குச் சுருக்கவுரை, இடைநிலை உரை, விரிவுரை என மூன்று நிலைகளில் விளக்கம் எழுதினார். பகுத்தறிவு காணும் உண்மையும் மறை கூறும் உண்மையும் முரண்படா என்பது அவரது துணிபு.

1195இல் அவர் நாடுகடத்தப்பட்டார். அவருடைய தத்துவ நூல்கள் எரிக்கப்பட்டன. பின்னர் மீண்டும் அரசரின் ஆதரவைப் பெற்று, 1198இல் மராக்கெஷில் மறைந்தார். அவருடைய உரைகளோ எபிரேய, லத்தீன் மொழிபெயர்ப்புகளில் நிலைத்தன. 13ஆம் நூற்றாண்டில் அவருடைய கருத்துகளைக் கடுமையாக எதிர்த்து வாதிட்ட தாமஸ் அக்குவினாஸும் அவரை ‘உரையாசிரியர்’ என்றே குறிப்பிட்டார்.