முகம் திருப்பிய அரங்கன்

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் மலையில், பல்லவர் காலக் குடைவரைக்குள் அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கிறார். அவர் திருமுகம் ஒருபுறம் திரும்பியிருப்பதற்கு ஊரார் ஒரு காரணம் சொல்கிறார்கள். போருக்குப் புறப்படுமுன் ராஜா தேசிங்கு தன் குலதெய்வத்திடம் உத்தரவு கேட்க வந்தான். போகாதே என்பதற்கு அடையாளமாகப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதைப் பார்த்த பிறகும் அவன் போனான், மாண்டான். வருவதை முன்கூட்டியே சொல்லிவிடும் கதைகளில் மனிதனுக்குச் சுதந்திரம் ஏது என்று பலரும் கேட்பதுண்டு. தேசிங்கு கதையில் நடப்பதோ இதற்கு நேர்மாறு. அவனுக்குச் சுதந்திரத்தைக் கொடுப்பதே அந்த முன்னறிவிப்புதான்.

வரலாற்றை மட்டும் எடுத்துக்கொண்டால் இது விளங்கும். நீண்ட முற்றுகைக்குப் பின் 1698-இல் மராத்தியரிடமிருந்து முகலாயர் கைக்குச் செஞ்சி போயிற்று. ஔரங்கசீப் காலத்தில் கோட்டைப் பொறுப்பு புந்தேலா ராஜபுத்திரரான சொரூப் சிங்குக்குக் கிடைத்தது. 1714-இல் அவர் இறந்ததும் மகன் தேஜ் சிங், அதாவது நம் தேசிங்கு, அந்த இடத்துக்கு வந்தார். கட்ட வேண்டிய பாக்கி குவிந்து கிடந்தது. அவர் பதவிக்குப் பேரரசின் புதிய ஒப்புதலும் இல்லை. ஆற்காடு நவாப் சாதத்துல்லா கான் பெரும்படையோடு வந்தார். தேசிங்கிடம் இருந்ததோ சிறு படை. அந்த ஆண்டு அக்டோபரிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. சி. எஸ். சீனிவாசாச்சாரி 1943-இல் வெளியிட்ட செஞ்சி வரலாறு போன்ற நூல்களைப் படித்தால், பாக்கிக் கணக்குக்கும் படைக் கணக்குக்கும் நடுவே நசுங்கிய ஓர் இளைஞன்தான் தெரிகிறான்.

மக்கள் கதை இந்த இளைஞனை அப்படியே விட்டுவிடவில்லை. வேறு யாராலும் அடக்க முடியாத குதிரையைத் தந்தது. திருமணக் கோலத்தை விட்டு ஓடிவரும் மகபத்கான் என்ற நண்பனைத் தந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, தன் முடிவை முன்பே அறியும் வாய்ப்பைத் தந்தது. கிரேக்கத்து ஈடிபஸ் விதியிலிருந்து தப்பி ஓடி அதன் வாயிலேயே போய் விழுகிறான். அங்கே தெய்வ வாக்கு ஒரு தீர்ப்பு. சிங்கவரத்தில் அது வெறும் தடை. போகாமல் இருக்க முடிகிறவனிடம்தானே போகாதே என்று சொல்ல முடியும்? அறியாமல் செத்திருந்தால் அவன் பலியாள். அறிந்தே போனதால் அந்தச் சாவு அவனுடையதாகிறது.

சாவான் என்று தெய்வத்துக்குத் தெரியும், கேட்பவருக்கும் தெரியும். அப்படியிருக்க முடிவு ஏற்கெனவே எழுதப்பட்டதுதானே என்று கேட்கலாம். பிறருக்குத் தெரிந்திருப்பது வேறு, அவனைக் கட்டாயப்படுத்துவது வேறு. சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதையை நினைத்துப் பாருங்கள். அரியணை இளையவனுக்கே என்று நிமித்திகன் சொல்கிறான். அண்ணன் செங்குட்டுவன் மனம் வாடக் கூடாதென்று இளங்கோ துறவு பூண்டு அந்த வாக்கைப் பொய்யாக்குகிறார். ஊழின் வலிமையைச் சொல்ல எழுந்த காப்பியமே தன் ஆசிரியரை இப்படிக் காட்டுவது எனக்குப் பெரிய சான்று. வள்ளுவரும் 380-ஆம் குறளில் ஊழை மிஞ்ச எதுவுமில்லை என்றவர், 620-இல் சோர்வில்லாத முயற்சியின் முன் அதையே பின்வாங்க வைக்கிறார்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. இது ஆணவத்தைக் கண்டிக்கும் கதை, தெய்வத்தை மதிக்காதவன் அழிந்தான், அவ்வளவுதான் என்பது அது. கண்டிப்பதென்றாலும், வேறு விதமாக நடந்திருக்க முடிந்தவனைத்தானே கண்டிக்க முடியும்? தவிர, ஆணவக்காரன் பின்னால் மகபத்கானைப் போன்ற ஒருவனை மக்கள் அனுப்பியிருக்க மாட்டார்கள். உண்மையான தேசிங்கும் பேரம் பேசியிருக்கலாம், பணிந்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் மனம் ஆவணத்தில் இல்லை. கதைதான் அதற்கு இடம் செய்தது.

ஹாரி பாட்டர் கதையில் வரும் முன்னறிவிப்பு இரண்டு சிறுவர்களுக்குப் பொருந்தும். அதில் ஹாரியைத் தேர்ந்தெடுப்பது வோல்டமோர்ட்தான். அந்த நுட்பத்தைக் கொண்டாடும் நம் இளம் மிகுபுனைவு எழுத்தாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாவலில் குறி சொல்ல ஒருவரைக் கொண்டுவரும்போது, அந்தக் குறியை மீறவும் முடிகிற ஒருவனை அவர் எதிரே நிறுத்துங்கள். அதற்கு முன்மாதிரி தேடிக் கடல் கடக்க வேண்டாம்; விழுப்புரம் மாவட்டத்திலேயே இருக்கிறது.