அப்பாச்சிக்கு எதிரா ஏகே-47: கர்பலாவில் அந்த ராத்திரி

டாங்க் பற்றிய எபிசோடுக்குப் பிறகு உங்கள்ல நிறைய பேர் ஒரே கேள்வியைத்தான் அனுப்பியிருந்தீங்க: "டாங்க்கை அடிக்க அட்டாக் ஹெலிகாப்டர் இருக்கு, சரி. அந்த ஹெலிகாப்டரை எது அடிக்கும்?" ஏவுகணை, ராடார்னு இதுக்கு ஒரு பட்டியலே போடலாம். ஆனா எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது, ஈராக்ல ஒரு ராத்திரி கரண்ட் போய்ட்டு வந்த கதை.

2003 மார்ச் 23. அமெரிக்கா ஈராக்குக்குள்ள நுழைஞ்ச நாலாவது நாள். பாக்தாத்துக்குத் தெற்கே, கர்பலா பக்கம், சதாம் உசேனின் குடியரசுக் காவல் படையோட மெதினா டிவிஷன் வழியை மறிச்சு நிக்குது. தரைப்படை அங்கே போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே அதன் டாங்க்குகளை அழிச்சுடணும்னு 11வது அட்டாக் ஹெலிகாப்டர் ரெஜிமென்டை அனுப்பினாங்க. கையில இருந்தது அப்பாச்சி லாங்போ. அந்தக் காலத்துல உலகத்துலேயே ரொம்ப பயப்படப்பட்ட அட்டாக் ஹெலிகாப்டர் எதுன்னு கேட்டா, அநேகமா எல்லாரும் இதைத்தான் சொல்லியிருப்பாங்க. விசிறிக்கு மேல உருண்டையா ஒரு ராடார், மூக்குக்குக் கீழ 30 மில்லிமீட்டர் பீரங்கி, இறக்கைகள்ல ஹெல்ஃபயர் ஏவுகணைகள். எட்டு கிலோமீட்டர் தள்ளி நின்னு ஒரு டாங்க்கைக் கொளுத்தலாம்.

ஆரம்பத்துலேயே சறுக்கல். எரிபொருள் லாரிகள் பாலைவனத்துல மாட்டிக்கிட்டதால எல்லா ஹெலிகாப்டருக்கும் எரிபொருள் போதல. கிளம்ப ரெண்டு மணி நேரத்துக்கு மேல தாமதம். வழியில இருக்கிற துப்பாக்கிகளை அடக்கறதுக்காகப் போட்டிருந்த பீரங்கி, விமானத் தாக்குதல்களுக்கும் ஹெலிகாப்டர்கள் போய்ச் சேர்ற நேரத்துக்கும் பொருத்தமே இல்லாம போச்சு. அதைவிடப் பெரிய பிரச்சினை, அந்த டாங்க்குகள் சரியா எங்கே நிக்குதுன்னு யாருக்கும் தெரியாது. ஈராக்கியர்கள் அவற்றை ஊருக்குள்ளேயும் பேரீச்சந் தோப்புகளுக்குள்ளேயும் பிரிச்சு ஒளிச்சு வச்சிருந்தாங்க. இவ்வளவையும் தெரிஞ்சுக்கிட்டே போனாங்க. ராணுவத்துல ஒரு திட்டம் ஓட ஆரம்பிச்சுட்டா நிறுத்தறது கஷ்டம்தான்.

31 அப்பாச்சிகள் கிளம்பின. ஒண்ணு மேலே எழும்பும்போதே புழுதியில திசை தெரியாம விழுந்தது. மீதி 30 வடக்கே போச்சு. கீழே செல்போன்கள் அடிக்க ஆரம்பிச்சிருந்தன. வர்றாங்க, வர்றாங்கன்னு ஊர் ஊரா தகவல் போய்க்கிட்டிருந்தது. அப்புறம்தான் அந்தக் கரண்ட் கதை. ஹெலிகாப்டர்கள் நெருங்கினப்போ கீழே ஊர்களின் விளக்குகள் மொத்தமா அணைஞ்சு, சில விநாடி இருட்டா இருந்துட்டு, மறுபடி எரிஞ்சது.

அதுதான் சிக்னல். அடுத்த நிமிஷம் கூரைகள்ல இருந்து, முற்றங்கள்ல இருந்து, தோப்புகள்ல இருந்து எல்லாத் துப்பாக்கியும் வானத்தைப் பார்த்துச் சுட ஆரம்பிச்சது. ஏகே-47, மெஷின்கன், லாரி மேல ஏத்தின விமான எதிர்ப்புத் துப்பாக்கின்னு கையில கிடைச்சதெல்லாம்.

இந்த இடத்துல கொஞ்சம் நிக்கணும். அவங்க யாரும் ஹெலிகாப்டரைக் குறி பார்த்துச் சுட வேண்டிய அவசியமே இல்ல. எந்தப் பாதையில வருதுன்னு தெரிஞ்சா போதும். அந்தப் பாதையில குண்டுகளை நிரப்பிட்டா அதுக்குள்ள பறந்துதான் ஆகணும். ராடார் வச்சுத் தேடினா அதைக் கருவி காட்டிக் கொடுக்கும். ஏவுகணை வந்தா எச்சரிக்கை மணி அடிக்கும். வெப்பத்தைத் தேடி வர்ற ஏவுகணைன்னா, எரியும் ஃபிளேர்களை வீசி அதை ஏமாத்தக்கூடப் பார்க்கலாம். ஒரு சாதாரணத் தோட்டாவை எதை வச்சு ஏமாத்துவீங்க? அதுக்கு மூளையே கிடையாதே.

திருப்பிச் சுடறதும் சுலபமா இல்ல. குண்டு வர்றது வீடுகள்ல இருந்து. லாங்போ ராடார் டாங்க்கைக் கண்டுபிடிக்கும், மொட்டை மாடியில நிக்கிற ஆளை அல்ல. அந்த வீட்டுக்குள்ள குழந்தைகள் இருக்கலாம்னு பைலட்டுகளுக்கும் தெரியும்.

ஒரு அப்பாச்சி கீழே விழுந்தது. அதிலிருந்த ரெண்டு பைலட்டும் பிடிபட்டாங்க. மூணு வாரம் கழிச்சு ஏப்ரல் 13-ல தான் மீட்கப்பட்டாங்க. இன்னொரு ஹெலிகாப்டர்ல ஒரு பைலட்டுக்குக் கழுத்துல குண்டு. திரும்பி வந்த 29-ல ஒண்ணைத் தவிர எல்லாத்துக்கும் பலத்த சேதம். சராசரியா ஒவ்வொண்ணுலயும் 15 முதல் 20 ஓட்டை. அந்த ரெஜிமென்ட் மறுபடி சண்டைக்குத் தயாராக ஒரு மாசம் ஆச்சு. இவ்வளவுக்கும் அவங்க அழிச்ச டாங்க்குகள் சொற்பம்.

மறுநாள் ஈராக் டிவியில, வயல்ல கிடக்கிற அப்பாச்சி பக்கத்துல பழைய ரைஃபிளோட ஒரு வயசான விவசாயியைக் காட்டி, இவர்தான் சுட்டு வீழ்த்தினார்னு சொன்னாங்க. நான் அதை நம்பல. ஆயிரக்கணக்கான தோட்டா பறந்த ராத்திரியில எது பட்டுச்சுன்னு யார் சொல்ல முடியும்? ஆனா பிரசாரமா அது ரொம்ப நல்லா வேலை செஞ்சது.

சரி, அப்போ அப்பாச்சி மோசமான மெஷினா? இங்கதான் பலரும் தப்புக் கணக்குப் போடறாங்க. எண்ணிக்கையைத் திருப்பிப் பாருங்க. உள்ளே போன 30-ல 29 பறந்தே வீட்டுக்கு வந்துடுச்சு. ஓட்டைகளோட, சிலது பழுதான இன்ஜின்களோட. ரெண்டு இன்ஜினையும் ஒரே குண்டு கெடுத்துடக் கூடாதுன்னு உடம்போட ரெண்டு பக்கமும் தனித்தனியா வச்சிருக்காங்க. பைலட் சீட்டைச் சுத்தி கவசம். கியர்பாக்ஸ்ல எண்ணெய் வடிஞ்சு போனாலும் கொஞ்ச நேரம் ஓடற மாதிரி வடிவமைப்பு. ஆட்களை உயிரோட கொண்டுவந்து சேர்க்கிற வேலையை மெஷின் செஞ்சுடுச்சு. அதைக் கொண்டுபோய் நிறுத்தின இடம்தான் தப்பு.

ஏன்னா ஹெலிகாப்டருக்குக் கவசம் போடறதுல ஒரு எல்லை இருக்கு. அமெரிக்காவின் ஏப்ரம்ஸ் டாங்க் 60 டன்னுக்கு மேல. அப்பாச்சி ஆயுதம், எரிபொருள் எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 10 டன் வாக்கில. கூட்டற ஒவ்வொரு கிலோ கவசத்துக்கும் ஒரு கிலோ எரிபொருளையோ ஏவுகணையையோ குறைக்கணும். சுத்துற விசிறி, அதைத் தாங்குற அச்சு, வால்ல இருக்கிற சின்ன விசிறி இதையெல்லாம் பெட்டி போட்டு மூடவும் முடியாது.

அதனால அப்பாச்சியோட உண்மையான கவசம் மறைவுதான். அதை வடிவமைச்சவங்க மனசுல இருந்தது, பனிப்போர் கால ஜெர்மனி. சோவியத் டாங்க்குகள் அலை அலையா வரும்போது மரங்களுக்குப் பின்னாடி அந்தரத்துல நின்னு, எட்டிப் பார்த்து, சுட்டுட்டு, கீழே இறங்கிடணும். சிறுத்தை மாதிரி பதுங்கி அடிக்கிற மிருகம் அது. 1991 வளைகுடாப் போரோட முதல் குண்டுகளைப் போட்டது கூட எட்டு அப்பாச்சிகள்தான். ஆளில்லாத பாலைவனத்துல, சில கிலோமீட்டர் தள்ளி இருந்து, ரெண்டு ராடார் நிலையங்களை அழிச்சுட்டு எல்லாம் பத்திரமா திரும்பிச்சு. 2003-ல அதே சிறுத்தையைக் கடைத்தெரு நடுவுல ஓட விட்டாங்க.

நாலே நாள்ல பாடம் மாறுச்சு. மார்ச் 28-ல 101வது வான்வழிப் பிரிவின் அப்பாச்சிகள் அதே மெதினா டிவிஷனைத் தாக்கப் போனப்போ, பீரங்கியும் போர் விமானமும் கூடவே ஒத்திசைஞ்சு வேலை செஞ்சது. ஒரே இடத்துல நின்னு சுடாம ஓடிக்கிட்டே சுட்டாங்க. எதிரி குண்டுக்கு ஒரு ஹெலிகாப்டரைக்கூட இழக்கல.

இது அமெரிக்காவோட கதை மட்டும் இல்ல. 1986 செப்டம்பர்ல ஜலாலாபாத்ல முஜாஹிதீன்கள் தோள்ல வச்சுச் சுடற ஸ்டிங்கரை முதல் முறையா வெற்றிகரமா பயன்படுத்தினப்போ சோவியத் ஹெலிகாப்டர்களுக்கும் இதே திகைப்பு. 2022-ல உக்ரைன்ல ரஷ்யாவின் கேஏ-52-கள் முதல் நாட்கள்ல தைரியமா உள்ளே புகுந்து அடி வாங்கின. அப்புறம் மரத்தை உரசற உயரத்துல வந்து, மூக்கை மேலே தூக்கி, ராக்கெட்டுகளைத் தூரத்துல இருந்து வீசிட்டு ஓடற காட்சியைத்தான் பார்த்தோம். குறி எங்கேயோ இருக்கும், ஆனா உயிர் மிஞ்சும். 2023 கோடையில நிலைமை மாறுச்சு. தோள் ஏவுகணைகளுக்கு எட்டாத தூரத்துல இருந்து அதே கேஏ-52-கள் முன்னேறி வந்த உக்ரைன் கவச வண்டிகளை அடிச்சது. மறுபடியும் பதுங்கி அடிக்கிற வேலை. உக்ரைன் அதுக்குப் பதிலா அவற்றைப் பறக்கும்போது தேடல. அக்டோபர்ல நெடுந்தூர ஏவுகணை வச்சு, பெர்தியான்ஸ்க், லுஹான்ஸ்க் விமானத் தளங்கள்ல நின்னுக்கிட்டிருந்தப்பவே அடிச்சது.

அப்போ அட்டாக் ஹெலிகாப்டர் காலம் முடிஞ்சுதான்னு கேட்டவங்களுக்கு: ஜப்பான் முடிஞ்சதுன்னு நினைக்குது. தன் அட்டாக் ஹெலிகாப்டர்களைக் கைவிட்டு ட்ரோன்களுக்கு மாறப் போறதா 2022 கடைசியில அறிவிச்சது. இந்தியா நேர் எதிர். 2025 மார்ச்ல 156 பிரசண்ட் ஹெலிகாப்டர்களுக்கு எச்.ஏ.எல். நிறுவனத்தோட ஒப்பந்தம் போட்டாங்க, 62,000 கோடி ரூபாய்க்கு மேல.

இதுக்குப் பின்னாடி கார்கில் இருக்கு. 1999 மே 28, தோலோலிங் பக்கம் ராக்கெட் பொருத்தின எம்ஐ-17 ஒண்ணு ஸ்டிங்கர்ல விழுந்து நாலு பேர் இறந்தாங்க. எம்ஐ-17 அடிப்படையில ஆட்களையும் சரக்கையும் ஏத்திப் போற வண்டி. அந்த உயரத்துல சண்டை போட நம்ம கையில வேற ஹெலிகாப்டர் இல்ல. அதுக்கப்புறம் அவற்றைத் தாக்குதல் வேலையில இருந்து விலக்கிட்டாங்க. பிரசண்ட் அந்த வெற்றிடத்துக்காகவே பிறந்தது. ஒல்லியான உடம்பு, முன்னும் பின்னுமா ரெண்டு சீட், 5,000 மீட்டர் உயரத்துல இறங்கி ஏற முடியும்.

மலைகள்ல எனக்கு இதுல அர்த்தம் தெரியுது. முகட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சு எட்டிப் பார்க்க இடம் இருக்கு. ஆனா அங்கே இன்னொரு சிக்கலும் இருக்கு. பள்ளத்தாக்குல பறக்கிற ஹெலிகாப்டரை, மலைமேல உட்கார்ந்திருக்கிற ஆள் தலைக்கு மேல அண்ணாந்து பார்க்க வேண்டியதில்ல. குனிஞ்சு பார்த்துச் சுடலாம்.