டர்போ காடியும் அம்மாவின் சேமநிதியும்

தெலுக் இந்தான் வட்டாரத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குக் கூட்டத்திற்காகச் சென்றிருந்தோம். கூட்டம் கலைந்து, மோட்டார் சைக்கிளை எடுக்கும் நேரத்தில் ஒரு சகோதரி வந்து நின்றார். 55 வயது முடிந்து இரண்டு மாதம் ஆகிறது. சிறு வயதில் பால் வெட்டு. தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகு உரம் போடுவது, உதிரிப் பழம் பொறுக்குவது. ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுக்கும் வயது வந்துவிட்டது. அந்தச் செய்தி அவருக்கு முன்னால் வீட்டுப் பிள்ளைக்குத் தெரிந்துவிட்டது.

"தம்பி, மவன் காடி கேக்குறான். வேணாம்னு நான் சொல்லல. மழையில மோட்டார் ஓட்டிக்கிட்டு ராத்திரி வேலைக்குப் போறான், எனக்கும் தூக்கம் வர மாட்டேங்குது. ஆனா அவன் கேக்குற காடிய எல்லாரும் எஞ்சின் கோளாறுன்னு சொல்றாங்க. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க."

அந்த அக்காவுக்கு இன்னும் ஐந்து வருட வேலை உண்டு. 60 வயதில் வேலை முடிந்தால் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொந்த வீடு கிடையாது. ஆகவே கையில் வரப்போகும் பணம் காடிப் பணமல்ல, வீட்டுப் பணம். இது அந்தப் பையனுக்கும் தெரியும். தெரிந்தும் கேட்டான் என்று நாம் கோபித்துக்கொள்ளவில்லை. தோட்டத்து முனைக்குப் பஸ் வருவதில்லை. தொழிற்சாலை 30 கிலோமீட்டர். வழியெல்லாம் செம்பனைக் குலை ஏற்றும் லாரி. காடி வேண்டும் என்று கேட்பதில் தவறில்லை. என்ன காடி என்பதுதான் பேச்சு.

அவன் மனசு வைத்திருந்தது புரோட்டோன் பிரெவே, 1.6 டர்போ. நாமும் ஒரு காலத்தில் சத்ரியா ஜிடிஐ படத்தைக் கிழித்து லயத்துச் சுவரில் ஒட்டி வைத்தவர்கள்தாம். வாங்கியதென்னவோ பழைய ஹோண்டா கப் மோட்டார். எனவே பையனின் ஆசையைக் கேலி செய்ய நமக்கு யோக்கியதை இல்லை.

பிரெவே 2012 ஏப்ரலில் வெளிவந்த நான்கு கதவு காடி. சாதாரண 1.6 எஞ்சின் போட்டதும் உண்டு, டர்போ போட்டதும் உண்டு. சாதாரண எஞ்சினின் இழுவை 150 நியூட்டன் மீட்டர், அதே 1.6 அளவில் டர்போ எஞ்சின் 205 கொடுக்கிறது. மேட்டில் ஏறும்போது இரண்டு லிட்டர் காடிபோல இழுக்கும். வளைவில் பிடித்து நிற்கும். ஆஸ்திரேலியாவின் ஆன்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. பழைய காடிச் சந்தையில் இத்தனையும் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஏன் குறைந்த விலை என்று கேட்பவர்கள்தாம் குறைவு.

டர்போ என்பது என்ன? எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை வீணாகப் போகாமல் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலும் சுற்றும். பக்கத்திலேயே நெருப்பாய்ச் சுடும் புகை. இதைக் காப்பாற்றுவதில் எஞ்சின் எண்ணெய்க்குப் பெரும் பங்கு உண்டு. நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புல் வெட்டும் மெஷினில் 2டி எண்ணெய் கலக்காமல் பெட்ரோலை மட்டும் ஊற்றி ஓட்டினால் என்ன ஆகும்? கொஞ்ச நேரம் பாடும், பிறகு பிடித்துக்கொள்ளும். அதே கதைதான், செலவு மட்டும் பல மடங்கு.

இந்த டர்போ எஞ்சினில் எல்லாருக்கும் தெரிந்த கோளாறு ஒன்று உண்டு. எண்ணெயைக் குளிர வைக்கும் கருவியோடு சேர்ந்த ரப்பர் குழாய் சூட்டில் கெட்டு, கசியத் தொடங்கும். கசிவைக் கவனிக்காமல் ஓட்டினால் எண்ணெய் குறையும், எஞ்சின் போகும். பின்னர் கம்பெனியே அந்தக் காடிகளைத் திரும்ப அழைத்து மேம்பட்ட குழாயை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. ஆகவே "கோளாறு காடி" என்ற பேச்சில் பாதிதான் உண்மை. குழாய் மாற்றிய காடியும் சந்தையில் நிற்கிறது, மாற்றாததும் நிற்கிறது. வெளியே ஒரே பாலிஷ். மாற்றுமுன்னே எண்ணெய் இல்லாமல் ஓடி, உள்ளே தேய்ந்துபோன எஞ்சினும் அதே வரிசையில் நிற்கிறது. கோளாறு தெரிந்ததாக இருப்பதில் ஒரு நன்மை உண்டு: எதைக் கேட்க வேண்டும் என்பது நமக்கு முன்கூட்டியே தெரிகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பையனையும், நமக்குத் தெரிந்த ஒரு போமனையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டோம். அக்காவும் வந்தார். "என் காசு போற எடத்த நான் பாக்க வேணாமா?" என்றார்.

முதலில் ஈப்போவில் ஒரு பழைய காடிக் கடை. காலை ஒன்பது மணிக்கு வருகிறோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். போமன் மூடியின்மேல் கையை வைத்தார். சூடு. "யாரு ஓட்டினா?" என்று கேட்டால், "கழுவ எடுத்துக்கிட்டுப் போனோம்" என்றார் கடைக்காரர். எஞ்சின் இரவெல்லாம் குளிர்ந்து கிடந்து, காலையில் முதன்முதலாக முடுக்கும்போதுதான் அதன் குணம் தெரியும். தடதட என்று தட்டுகிறதா, பின்னால் நீலப் புகை வருகிறதா என்பதெல்லாம் அந்த முதல் அரை நிமிடத்தில்தான். நீலப் புகை என்றால் எண்ணெய் எரிகிறது என்று அர்த்தம். ஏற்கெனவே சூடாக்கி வைத்துவிட்டால் பாதிப் பரீட்சை முடிந்துவிடுகிறது. எஞ்சினைத் தண்ணீர் அடித்துப் பளபளவென்று கழுவியும் வைத்திருந்தார்கள். கசிவு இருந்தாலும் அன்றைக்குத் தெரியாது. சர்வீஸ் புத்தகம் கேட்டோம். தொலைந்துவிட்டதாம். "புஸ்பாகோம் பாஸ் ஆகும், கவலைப்படாதீங்க" என்றார்.

இந்த வார்த்தையில் நம்மவர்கள் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பேர் மாற்றுவதற்கு முன் செய்யும் பி5 சோதனை, எஞ்சின் நம்பரும் சேசிஸ் நம்பரும் சரியா, காடி ரோட்டில் ஓடத் தகுதியா என்றெல்லாம் பார்ப்பது. எஞ்சின் இன்னும் எத்தனை வருடம் உழைக்கும் என்று அதில் யாரும் எழுதித் தருவதில்லை. நமக்குத் தெரிந்த பட்டறைக்கு ஓட்டிப் போய்த் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டோம். முடியாது என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அந்தக் காடியில் குறையே இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் பார்க்க விடாத பொருளுக்குப் பணம் கொடுக்க அந்த அக்கா வேலை செய்யவில்லை.

திரும்பும் வழியில் பையனின் கூட்டாளி ஒருவன் போன் செய்தான். அதே ரகக் காடி, "சம்போங் பாயார்", 3,000 வெள்ளி கையில் கொடுத்தால் போதும், மிச்சத்தை மாதாமாதம் கட்டிக்கொள்ளலாம் என்றான். பையன் முகம் மலர்ந்தது. நாம் வண்டியை ஓரம் கட்டி நிறுத்திவிட்டுத்தான் பேசினோம். அந்தக் காடி பேங்க் கடனில் இருக்கிறது. கடன் வேறொருவன் பேரில். பேங்குக்குத் தெரியாமல் கை மாற்றுவது 1967ஆம் ஆண்டு ஹயர் பர்சேஸ் சட்டப்படி குற்றம். நீ மாதாமாதம் அவனிடம் கொடுக்கும் பணத்தை அவன் பேங்கில் கட்டினானா என்று உனக்கு எப்படித் தெரியும்? தொடர்ந்து இரண்டு மாதம் பாக்கி விழுந்தால் பேங்க் நோட்டீஸ் அனுப்பும். 21 நாள் கழித்துக் காடியைத் தூக்கலாம். அந்த நோட்டீஸ் போய்ச் சேருவதோ அவன் வீட்டுக்கு. உன் காடி ஏன் போனது என்று இழுக்கும் லாரி வந்த பிறகுதான் உனக்குத் தெரியும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் விவகாரம் தனி. பையன் ஒன்றும் பேசவில்லை. அக்காதான், "அந்தப் போனை வை" என்றார்.

மூன்றாவதாகப் பார்த்தது தாப்பாவில், வேலை ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் வீட்டில். அவருடைய கையிலேயே இருந்த காடி, ஒரே உரிமையாளர். ஒரு வாரம் கழித்துக் காலை ஏழு மணிக்குப் போனோம். மூடி சில்லென்று இருந்தது. எண்ணெய்க் குச்சியை இழுத்தால் அளவு சரியாக இருந்தது, மணலோ பிசினோ இல்லை. தண்ணீர் டாங்கியைத் திறந்தோம். உள்ளே பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில் ஏதாவது மிதந்தால் எண்ணெயும் தண்ணீரும் கலந்துவிட்டது என்று பொருள், பேச்சே வேண்டாம், திரும்பிவிட வேண்டும். இங்கே சுத்தமாக இருந்தது. சர்வீஸ் புத்தகத்தில் வரிசையாகச் சாப். குழாய் மாற்றிய ரசீதைத் தனியாக உறையில் போட்டு வைத்திருந்தார். பள்ளிக்கூட வாத்தியார் வாத்தியார்தான். ஆனாலும் சேசிஸ் நம்பரை எழுதிக்கொண்டு சர்வீஸ் நிலையத்தில் கேட்டு உறுதி செய்தோம்.

அரை மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். ஏர்கோன் போட்டு, நெரிசலில் நிறுத்தி, சூட்டு முள் ஏறுகிறதா என்று கவனித்தோம். ஏறவில்லை. பட்டறையில் தூக்கிப் பார்த்தபோது மேல் மூடி ஓரத்தில் லேசான எண்ணெய் ஈரம் இருந்தது. கேஸ்கெட் மாற்ற வேண்டும். முன் டயர் இரண்டும் தேய்ந்திருந்தன. இந்தச் செலவைக் காட்டி 15,000 கேட்டவரிடம் 14,000க்குப் பேசி முடித்தோம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். கடையில் வாங்கி ஏமாந்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், வக்கீல் தேவையில்லை. வியாபாரியல்லாத தனி ஆளிடம் வாங்கினால் அந்த வழி கிடையாது. அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுத்துத்தான் ஆசிரியரிடம் வாங்கச் சொன்னோம். அன்றைக்கு நம் கண்ணும் போமனின் கையும்தான் உத்தரவாதம். இரண்டு நாள் நமக்கே சரியாகத் தூக்கம் வரவில்லை.

பிறகு பணக் கணக்கு. டர்போவும் எஞ்சினும் சேர்ந்து போனால் 7,000 வெள்ளிக்குக் குறையாது என்று போமன் சொல்லியிருந்தார். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி வாங்கும் ஒருவருக்கு அது நான்கு மாதச் சம்பளத்துக்கு மேல். எனவே காடி விலையோடு பணம் முடிந்துவிட்டதாக நினைக்கக் கூடாது என்று பையனிடம் சொன்னோம். அம்மா கொடுப்பது 6,000, அதற்கு மேல் ஒரு காசும் இல்லை. மீதி 8,000த்தில் பையன் ஓவர்டைம் போட்டுச் சேர்த்திருந்தது ஐந்தாயிரத்துச் சொச்சம். பாக்கியைத் தன் மோட்டாரை விற்றும், கூட்டுப் பணம் எடுத்தும் கட்டினான். இதுபோக மாதம் 150 வெள்ளி அக்கா பேரில் பேங்க் சிம்பானான் நேஷனலில் போட வேண்டும், காடி ரிப்பேர் வந்தால்தான் அதைத் தொடலாம் என்று பேசி வைத்தோம். வீட்டுப் பணத்தின் பெரும்பகுதி சேமநிதியிலேயே கிடக்கிறது.

"மாமா, வேகமா ஓட்ட மாட்டேன்" என்றான் பையன். நாம் நம்பவில்லை. அந்த வயதில் யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம்.

போன வாரம் அந்தப் பக்கம் போனபோது லயத்து வாசலில் காடி நின்றது. கேஸ்கெட்டும் டயரும் மாற்றியாகிவிட்டது. மூடி திறந்திருந்தது. அக்கா கையில் பழைய துணியோடு எண்ணெய்க் குச்சியைத் துடைத்து, விட்டு எடுத்து, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் வேலைக்கு நேரமாகிறது என்று பக்கத்தில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். சாவி அக்காவின் இடுப்பில்.

"இரு தம்பி, இத முடிச்சிட்டுத் தேத்தண்ணி போடுறேன்" என்றார் நம்மைப் பார்த்து.